உப்புத் தூவிய விமானம்

பிப்ரவரி 2, திங்கள்

நெஞ்சு டாக்டர் தினமும் இருமலைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். எப்போது வந்தது, சளி என்ன நிறம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் வேண்டுமாம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி தெய்வானை எழுதுகிறாள். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவள், முட்டைக் கணக்கு எழுதிப் பழகிய கை. நான் பேசுவதைப் புத்தகத் தமிழாக மாற்றித்தான் எழுதுவாளாம். "உங்க வாயில வர்றத அப்பிடியே எழுதுனா டாக்டர் என்னையத்தான் ஒரு மாதிரி பார்ப்பாருங்க" என்கிறாள். எழுதட்டும். இருமலுக்கு ஒரு வரி போதும். பக்கம் பெரிதாக இருக்கிறது, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருமல்: காலையில் உண்டு.

இன்று ஈரோட்டிலிருந்து சம்பந்தி அருணகிரி வந்து இறங்கினார். என் மகன் பூபதியின் மாமனார். ஒரு பையில் துணி, ஒரு பையில் வேலை ஆயுதங்கள். கல்லூரியில் என்.சி.சி. பையன்களுக்கு மாதிரி விமானம் செய்யச் சொல்லிக் கொடுத்தவர். பூபதி விமானப்படையில் ஜெட் விமானத்தின் உடம்பைப் பார்க்கும் வேலையில் இருந்தான். தகடு, ஆணி, பெயிண்ட் எல்லாம் அவன் பொறுப்பு. சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவன் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் பார்த்த அதே ஜெட்டைப் பெரிய மாதிரியாகச் செய்யப் போகிறானாம். கட்டிலைவிட நீளம். கோயம்புத்தூரில் முன்னாள் விமானப்படைக்காரர்கள் சங்கம் கட்டியிருக்கும் கூடத்தில் வைக்க. மார்ச் 22ஆம் தேதி ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள்.

கரூர் பஸ் ஷெட்டுகளில் ஸ்பிரே கன் பிடித்தே கிழவனானவன் நான். இந்த ஊரில் கட்டி ஓட்டிய பஸ்களில் பாதி என் கையால் நிறம் வாங்கியவை. எந்த வருஷம், எந்த முதலாளி, ஜன்னலுக்குக் கீழே என்ன கோடு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். பெயிண்ட் அடிக்கும் கட்டம் வந்தால் பூபதி என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

சம்பந்தி பத்து நாள் இருப்பாராம்.

பிப்ரவரி 5, வியாழன்

இருமல்: இல்லை என்று எழுது. (இருந்தது. — தெய்வானை)

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் வேலை நடக்கிறது. பிளைவுட்டை வட்டம் வட்டமாக அறுத்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். விமானத்துக்கு விலா எலும்பாம். எனக்கு மீன் முள் மாதிரி தெரிந்தது. அதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சம்பந்தி, "மாப்ள, இதப் பார்த்தா நம்மூட்டுக் காத்தாடி செத்துப்போன மாதிரி இருக்குது" என்றார். என்ன பெரிய நகைச்சுவை. பூபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்த சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது. தெய்வானை கரண்டியும் கையுமாக வெளியே வந்து, "கேட்டீங்களா, பையன் சிரிக்கறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் உளுந்து வடை. சம்பந்திக்கு இலையில் மூன்று, எனக்கு ஒன்று. "உங்களுக்கு எண்ணெய் ஆகாதுங்க" என்றாள். எனக்கு ஆகாதது எல்லாம் அவருக்கு நன்றாக ஆகிறது.

பிப்ரவரி 11, புதன்

இருமல்: உண்டு.

நடு அறை ஜன்னலைத் திறந்தால் ஷெட்டில் பேசுவது கேட்கும். காற்றுக்காகத்தான் திறந்தேன்.

பூபதி சொல்லிக்கொண்டிருந்தான்: "ராஜஸ்தான்ல மே மாசத்துல இறக்கை மேல வெறுங்கைய வெச்சா தோல் உரிஞ்சு வந்துருமுங்க மாமா. ஈரச் சாக்கு போட்டு அதும்மேல மண்டி போட்டுத்தான் ஆணி பார்ப்போம். ஒருக்கா சாக்குக்குள்ள தேள் இருந்துச்சு."

"அய்யய்யோ. அப்புறம்?"

"அப்புறமென்ன, தேளுக்குப் பயந்து நான் கீழ குதிச்சேன், என்னையப் பார்த்துட்டு பைலட்டும் ஏணியில இருந்து குதிச்சுட்டாருங்க."

நான் இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. அவன் ராஜஸ்தானத்தில் இருந்தபோது வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "நல்லா இருக்கறன்பா. சாப்பாடு நல்லா இருக்குது. நீங்க மாத்திரை போடறீங்களா?" அவ்வளவுதான். நானும், "போடறன் சாமி" என்பேன். போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அந்தப் பேச்சு ஒவ்வொன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அதில் தேள் இல்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். காற்று போதும்.

பிப்ரவரி 14, சனி

பத்து நாள் தாண்டிவிட்டது. சம்பந்தியைப் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று யாரும் கேட்க முடியாது. பெண்ணைக் கொடுத்தவர். இன்னும் ஒரு தோசை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடியும். சொன்னேன். வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 21, சனி

இருமல்: கொஞ்சம் அதிகம்.

எலும்புக்கு மேல் ஃபைபர் துணியை ஒட்டி, ரெசின் பசை பூசி, பட்டி போட்டுத் தேய்த்தாகிவிட்டது. இப்போது பார்த்தால் விமானம்தான். மூக்கு நீண்டு, இறக்கை பின்னால் மடிந்து, கோபக்காரப் பறவை போல நிற்கிறது. என் கட்டிலை வாசல் பக்க அறைக்கு மாற்றிவிட்டார்கள். ரெசின் வாசம் என் நெஞ்சுக்கு ஆகாதாம். மருமகள் கோகிலா ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு அடைத்துவிட்டுப் போகிறாள். இப்போது ஷெட்டில் பேசுவது கேட்பதில்லை. சம்பந்தி தலையில் என் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். கொடியிலிருந்து எடுத்தாராம். கேட்டு எடுக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

பிரைமர் அடித்துக் காய்ந்துவிட்டது. நாளைக்கு நிறம். காலையிலிருந்து நான் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன். பூபதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா, உங்க ஸ்பிரே கன்னை எடுத்துக்கட்டுங்களா? புதுசு வாங்குனது சரியாத் தூவ மாட்டேங்குது."

"எடுத்துக்க. நான் எப்ப வரட்டும்?"

"நீங்க வரவேண்டாங்கப்பா. மாமாவே அடிச்சுருவாரு."

"அவரு என்னடா அடிப்பாரு? தென்னங்கன்னுக்குத் தண்ணி உடற மாதிரி கன்னைப் புடிக்கறாரு. பிரைமர் அடிக்கறப்பவே பார்த்தன்."

"தின்னர் வாசம் உங்களுக்கு ஆகாதுன்னு டாக்டர் உங்க முன்னாலதான சொன்னாரு?"

"துண்டைக் கட்டிக்கறன். ரெண்டு மணி நேர வேலை."

"வேண்டாம்ப்பா." எழுந்து போய்விட்டான்.

டாக்டர் சொன்னது உண்மைதான். அது சம்பந்திக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று என்பதும் உண்மைதான்.

கன்னை நானே கழற்றித் துடைத்து, ஊசி முனையைச் சுத்தம் செய்து கொடுத்தேன். என் மகன் அதை வாங்கி நேராக அவர் கையில் கொடுத்தான்.

மார்ச் 3, செவ்வாய்

சாம்பல் நிறம் முடிந்தது. எல்லோரும் சாப்பிடும்போது போய்ப் பார்த்தேன். எங்கேயும் வடியவில்லை. வால் பக்கம் மட்டும் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு இருக்கிறது. தேடினால்தான் தெரியும். நான் தேடினேன்.

இருமல்: அங்கே நின்றபோது மட்டும்.

மார்ச் 7, சனி

இன்று நடந்ததை எழுது தெய்வானை, உன் பங்கையும் சேர்த்து எழுது.

சம்பந்தி அடுப்படிக்கு வந்து, "தங்கச்சி, கல்லுப்பு இருக்குதுங்களா?" என்றார். இவள் ஜாடியோடு தூக்கிக் கொடுத்தாள். சமையலில் இறங்கிவிட்டாரோ என்று பின்னாலேயே போனேன். விமானத்தின் முதுகில் தண்ணீர் தெளித்து, அதன் மேல் கல்லுப்பைக் கோலமாவு போலத் தூவிக்கொண்டிருந்தார்!

"சம்பந்தி! என்னங்க பண்றீங்க! பெயிண்ட் மேல உப்பா?"

"பதறாதீங்க சம்பந்தி. இதும்மேல வெளிர் நெறத்தை லேசா அடிச்சு, காஞ்சதும் உப்பைத் தட்டி உட்டா திட்டுத் திட்டா வருமுங்க. வெயில்ல நின்னு நின்னு நெறம் போன மாதிரியே இருக்கும்."

"நெறம் போன மாதிரி எதுக்குங்க இருக்கோணும்? புதுசா அடிச்சிருக்கறதே நாலு நாளைக்கு முன்னாலதான?"

பூபதி வாசலில் நின்றிருந்தான். "நான் பார்த்த பிளேனு பழசுப்பா. புதுசா இருந்தா அது வேற பிளேனு."

எங்கள் ஷெட்டில் புது பஸ்ஸுக்குப் பக்கத்தில் உப்புக் கருவாடு வைத்துச் சாப்பிட்டதற்காக ஒருவனை மேஸ்திரி வெளியே துரத்தினார். கடைசியாக க்ளியர் என்கிற நிறமில்லாத பளபளப்பு வார்னிஷை ஒரு கோட்டு அடித்து, முதலாளி அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கினால்தான் பஸ் வெளியே போகும். முகம் தெரியாமல் என் கையை விட்டு ஒரு வண்டியும் போனதில்லை. இங்கே, நன்றாக இருந்ததை இரண்டு பேர் சேர்ந்து பாழாக்குகிறார்கள். அதற்கு உப்பு கொடுத்தவள் இந்த வீட்டுக்காரி.

(கேட்டார், கொடுத்தேன். — தெய்வானை)

மார்ச் 11, புதன்

இருமல்: உண்டு. மூச்சும் வாங்குகிறது.

அழுக்கு வேலை நான்காம் நாளாக நடக்கிறது. தகடு சேரும் கோடுகளில் கறுப்புத் தண்ணீரை இழுத்துத் துடைக்கிறார்கள். ஏணி வைக்கும் இடத்தில் ஸ்பாஞ்சால் வெள்ளி நிறத்தைத் தொட்டுத் தொட்டு, பெயிண்ட் உதிர்ந்தது போலச் செய்கிறார்கள். பின்னால் புகை வரும் வாய்க்குச் சாக்பீஸ் தூளும் கரித்தூளும். பூபதி கண்ணை மூடிக்கொண்டு இடம் சொல்கிறான், சம்பந்தி வைக்கிறார்.

காபி கொடுக்கிற சாக்கில் நானே டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். வயிற்றுப் பக்கம் எண்ணெய் வடிந்த கறை ஒன்றைப் பூபதி தானே வரைந்துகொண்டிருந்தான்.

"தெனமும் காலையில இதத் தொடைச்சுட்டுத்தான் மாமா மத்த வேலையே. எங்கிருந்து கசியுதுன்னு கடைசி வரைக்கும் புடிக்க முடியல. கடைசியா அதைப் பறக்க உட்டு நிறுத்துன அன்னிக்கு நான் தொடைக்கவே இல்லைங்க. அப்பிடியே உட்டுட்டு வந்தேன்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சம்பந்தி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

நான் காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன். தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பதற்கு அது என்ன சினிமாக் கொட்டகையா? காபி ஆறிப் போயிருக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

எல்லோரும் காங்கேயத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். நெஞ்சு சரியில்லை என்று நான் போகவில்லை. சாப்பிட்டேன், படுத்தேன். ஒன்றும் விசேஷமில்லை.

இருமல்: வழக்கம்போல.

(வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் வேட்டியை இவரே துவைத்து நான் பார்த்ததில்லை. இருமல் வழக்கம்போல இல்லை. — தெய்வானை)

மார்ச் 16, திங்கள்

காலையில் ஷெட்டுக்குள்ளிருந்து பூபதி சத்தமே போடவில்லை. அதுதான் சரியில்லை. போய்ப் பார்த்தோம். கோகிலாகூட ஆபீஸுக்குக் கிளம்பினவள் பையோடு நின்றாள்.

விமானம் முழுக்கப் பளபளவென்று இருந்தது. மூக்கிலிருந்து வால் வரைக்கும் க்ளியர். சாக்பீஸ் புகை கரைந்து எங்கேயோ போய்விட்டது. உப்புத் திட்டுகள் கண்ணாடிக்கு அடியில் முங்கிக் கிடந்தன. இறக்கையில் ஷெட் கூரையின் ஓடு ஒவ்வொன்றும் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் தெரிந்தோம்.

பூபதி யாரையும் பார்க்காமல், "இத யாரு பண்ணுனது?" என்றான்.

நான் தொண்டையைச் செருமினேன். இருமல் வந்துவிட்டது. அதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார்.

"நாந்தாங்க மாப்ள."

"நீங்களா?"

"ஆமாங்க. சங்கத்துக்காரங்களுக்குப் பளபளன்னு இருந்தாப் புடிக்குமேன்னு நேத்துக் காலையில கெளம்பறதுக்கு முன்னால ஒரு கோட்டு ஓட்டிட்டேன். உங்களக் கேக்காம செஞ்சது தப்புத்தான். வயசாயிருச்சில்லீங்களா, புத்தி இப்பிடித்தான் போகுது."

பூபதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "பரவால்லீங்க மாமா. இன்னும் நாள் இருக்குது, பார்த்துக்கலாம்" என்றான். அவ்வளவுதான். ஒரு கடிந்த சொல் இல்லை. கோகிலாவும், "போங்கப்பா, நீங்க வேற" என்று செல்லமாகச் சொல்லிவிட்டு ஆபீஸுக்கே போய்விட்டாள்.

நான் நின்றேன். அந்தக் கோட்டை நன்றாகப் பார்த்தேன். தெய்வானை, இதை எழுது: அப்படி ஒரு கோட்டு நான் வேலையில் இருந்த காலத்தில்கூட ஏழெட்டு வண்டிக்குத்தான் விழுந்திருக்கும். இறக்கை உடம்போடு சேரும் மூலையில் எந்தப் பெயிண்டருக்கும் க்ளியர் தேங்கும். தேங்கவில்லை. ஒரு தூசி உட்காரவில்லை. அது சம்பந்தி அடித்த கோட்டா?

"ஏங்க சம்பந்தி," என்றேன், "இந்த மூலையில கன்னை எப்பிடிங்க திருப்புனீங்க? கொஞ்சம் காட்டுங்க பார்ப்போம்."

"உடுங்க சம்பந்தி" என்றார் மெதுவாக. கண்ணால் வேறு ஏதோ சொன்னார்.

"என்னத்த உடறது? உங்க கையில இப்பிடி ஒரு கோட்டு வருமா? வால் பக்கம் நீங்க அடிச்ச ஆரஞ்சுத் தோலு அடியில கெடக்குது பாருங்க, அதையும் சேர்த்து அமுக்கிச் சமமாக்கியிருக்கறன். டேய் பூபதி, நல்லாப் பாருடா. எங்கியாச்சும் வடிஞ்சிருக்குதா? இது நான் அடிச்சதுடா. நானு!"

பூபதி முகம் சிவந்து போனது. "தெரியுமுங்கப்பா. பார்த்த ஒடனே தெரிஞ்சிருச்சு. மாமாவுக்கு அந்தக் கை கெடையாது." பிறகு கத்தினான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் கத்தியதில்லை. "கதவச் சாத்திட்டு உள்ளாற நின்னு அடிச்சீங்களா? முகத்துல எதாச்சும் கட்டுனீங்களா? உள்ளயே உழுந்து கெடந்திருந்தா நாங்க வந்து என்னத்தப் பார்த்திருப்போம்? ஒரு பிளேனுக்கா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. நிற்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி. முகத்தில் மூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். பூபதி கூடவே இருந்தான். கார் கதவைத் திறந்துவிட்டான், சாத்தினான்.

டாக்டர் இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தார். இருமல் வரிகளை மட்டும் விரல் வைத்துத் தேடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மார்ச் 19, வியாழன்

இருமல்: குறைந்திருக்கிறது. (ஆமாம். — தெய்வானை)

சம்பந்தி நேற்றுக் காலையில் ஈரோட்டுக்குக் கிளம்பிப் போனார். வீட்டில் குழாய் ஒழுகுகிறதாம், பார்த்துவிட்டுச் சனிக்கிழமை வருவாராம். அவர் வீட்டுக் குழாய் இப்போது பார்த்து ஒழுகுவானேன் என்று தெய்வானையிடம் கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க" என்றாள்.

அவர் போன பிறகு பூபதி வந்து என் கட்டில் ஓரத்தில் நின்றான். கையில் வாளியும், தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போலத் தேய்க்கும் தண்ணிப் பேப்பரும்.

"வாங்கப்பா. பளபளப்ப எடுக்கோணும். தண்ணி போட்டுத் தேய்க்கறதுல வாசம் ஒண்ணும் வராது."

பஸ் ஷெட்டில் தண்ணிப் பேப்பர் தேய்ப்பது புதிதாக வந்தவன் வேலை. மேஸ்திரி ஆன பிறகு நான் அதைத் தொட்டதில்லை. அதுவும் நான் அடித்த கோட்டை, அதுவும் அந்தக் கோட்டை, நானே தேய்த்து மங்கடிக்க வேண்டும். யோசித்தேன். அவன் போய்விடவில்லை, நின்றுகொண்டே இருந்தான். எழுந்து போனேன்.

ஷெட் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேப்பரைத் தண்ணீரில் முக்கி, வட்டமாக இல்லாமல் ஒரே போக்கில் இழுக்க வேண்டும். அவன் அழுத்தினான். "அமுத்தாத. பேப்பரோட கனமே போதும்" என்றேன். கேட்டுக்கொண்டான். கூரை ஓடுகள் ஒவ்வொன்றாக இறக்கையிலிருந்து மறைந்தன. பிறகு என் முகம் போயிற்று. அடியிலிருந்து உப்புத் திட்டு மேலே வந்தது. வெயிலில் கிடந்த தகடு மாதிரியே இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

வலது இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்கு இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் வந்தது. பூபதி தேய்ப்பதை நிறுத்தினான். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, நான் கேட்காமலே, ஒன்று சொன்னான். அங்கே நடந்த ஒன்று. குனிந்தபடியே சொன்னான். முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பால் போல வெளுத்திருந்த வாளித் தண்ணீர் அதற்குள் தெளிந்துவிட்டது. முடித்ததும், "இத யாருகிட்டயும் சொன்னதில்லைங்கப்பா. கோகிலாகிட்டக்கூட" என்றான்.

"மாமாகிட்ட?"

"இல்லைங்க."

"சரி சாமி" என்றேன். மறுபடி தேய்த்தோம்.

மார்ச் 22, ஞாயிறு

இருமல்: லேசாக.

நேற்று சம்பந்தி வந்து சாக்பீஸ் புகையை மறுபடி போட்டார். எண்ணெய்க் கறையைப் பூபதி வரைந்தான். சம்பந்தி படுக்கப் போன பிறகு, வலது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் அவனே விரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை வைத்தான்.

இன்று கோயம்புத்தூரிலிருந்து பூபதியின் கூட்டாளிகள் வேனில் வந்தார்கள். எல்லோருக்கும் தொப்பை. விமானத்தைப் பார்த்ததும் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் போனார். இன்னொருவர் வயிற்றுப் பக்கம் குனிந்து கறையைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, இதையும் வெச்சிருக்கான் பாரு" என்று பூபதி முதுகில் ஓங்கி அடித்தார். சம்பந்தி விளக்கம் சொல்லிக்கொண்டு சுற்றி வந்தார். இது ஏணி உரசியது, இது புகை, இது ராஜஸ்தான் வெயில். எல்லாம் அவருக்குத் தெரியும். கூட இருந்து பார்த்தவர் மாதிரிதான் சொன்னார்.

வலது இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்கு வந்ததும் நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"சம்பந்தி," என்று என்னை ஓரமாகக் கூப்பிட்டார், "மாப்ள இங்க ஒரு கறை வெச்சிருக்காரே, நேத்து சாயங்காலங்கூட இல்லியே. இது எதுக்குன்னு உங்களுக்கு எதாச்சும் தெரியுமுங்களா?"

"தெரியலீங்களே சம்பந்தி" என்றேன். எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன்.

"மாப்ளையத்தான் கேக்கோணும்."

"கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டதையும் பார்த்தேன். பூபதி ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பினான். சம்பந்திக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. மதியம் என் இலையிலிருந்த வடையை எடுத்து அவருக்கு வைத்தேன். வாங்கிக்கொண்டார்.

வேன் போன பிறகு தெய்வானை பேனாவோடு உட்கார்ந்து, "அன்னிக்கு அந்த எடத்துல பையன் என்ன சொன்னான், அதச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்கிறாள். சொல்ல மாட்டேன் என்றுவிட்டேன். இந்த டைரி கூடத்து மேஜையில்தான் கிடக்கிறது. சம்பந்திக்குப் படிக்கத் தெரியும்.

"எனக்கு மட்டும் சொல்லுங்க, எழுதல" என்கிறாள்.

உனக்கும்தான் இல்லை. இதையும் எழுது.